கொள்கையா, உடன்படிக்கையா? யூனிட்டேரியன் சபைகளின் வழிபாடும் வாழ்வும்

'வஹ்ஹத' என்னும் அரபு வினைச்சொல்லுக்கு 'ஒன்றெனக் கொண்டான்' என்பது பொருள். அதன் வினைப்பெயர் 'தவ்ஹீது'. அவ்வாறு கொள்பவர் 'முவஹ்ஹித்'. இச்சொல்லைத் தம் பெயராகச் சூட்டிக்கொண்டவர்கள் வரலாற்றில் பலர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் மொராக்கோவிலும் அந்தலுஸிலும் ஆட்சி செலுத்தியோர் 'அல்முவஹ்ஹிதூன்' எனப்பட்டனர். லெபனான், சிரியா மலைகளில் வாழும் துரூஸ் மக்களும் தம்மை அவ்வாறே அழைத்துக்கொள்கின்றனர். மேலைநாட்டுக் கிறித்தவத்தினுள் தோன்றிய 'யூனிட்டேரியன்' பிரிவினரைக் குறிக்கவும் இக்கால அரபு எழுத்தாளர் சிலர் இச்சொல்லையே எடுத்தாள்கின்றனர்.

பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு பொருளும் ஒன்றெனத் துணிவது அறிவுடைமையாகாது. "மேல்நாட்டில் திரித்துவத்தை மறுக்கும் கிறித்தவர்கள் இருக்கிறார்களாமே, அவர்கள் நம்மவர்கள்தாமே?" என்று மாணவர்கள் வியப்புடன் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறவியலாது. பிறருடைய சமயத்தைப் பற்றி எழுதுங்கால் அவர்தம் கூற்றை அவர் ஏற்கும் வண்ணம் எடுத்துரைத்து, பின்னரே நம் கருத்தைக் கூறும் மரபை அல்பீரூனீ (ரஹ்) நமக்கு விட்டுச் சென்றுள்ளார். அம்மரபைப் பின்பற்றி, யூனிட்டேரியன் சபையினர் எவ்வாறு கூடுகின்றனர், எவ்வாறு வணங்குகின்றனர், எதனால் ஒன்றாகக் கட்டுண்டு வாழ்கின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

கி.பி. 325இல் நீக்கியா நகரில் கூடிய ஆயர் பேரவை, ஈசா (அலை) அவர்கள் இறைத்தன்மையில் பிதாவோடு ஒத்தவர் என அறுதியிட்டது. அதனை மறுத்த அலெக்சாந்திரியாவின் ஆரியஸ் விலக்கப்பட்டார். அவ்வினா பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவில் மீண்டும் தலைதூக்கியது. திரித்துவத்தின் பிழைகளைக் குறித்து 1531இல் நூல் எழுதிய ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மைக்கேல் செர்வீட்டஸ், 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் உயிருடன் எரிக்கப்பட்டார்.

இக்கருத்து முதன்முதலாக நிழல் பெற்ற இடம், அன்று உஸ்மானிய சுல்தானின் மேலாட்சியின் கீழிருந்த திரான்சில்வேனியா என்பது நம் வாசகர்கள் அறியத்தக்கது. அந்நாட்டு மன்னர் யானோஷ் சிகிஸ்மண்டு 1568இல் தோர்தா நகரில் ஓர் ஆணை வெளியிட்டார். போதகர்கள் தாம் விளங்கியவாறு போதிக்கலாம். மக்கள் தமக்கு உவந்த போதகரை வைத்துக்கொள்ளலாம். கொள்கைக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என்பது அதன் சாரம். அவ்வாணைக்குப் பின்னின்றவர் ஃபெரென்ஸ் டாவிட் என்னும் போதகர். மன்னர் 1571இல் மறைந்தபின் காற்று திசைமாறியது. 'ஈசாவை நோக்கிப் பிரார்த்தித்தல் கூடாது. பிரார்த்தனை இறைவன் ஒருவனுக்கே உரியது' என்று டாவிட் வலியுறுத்தியதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றமாயிற்று. அவர் 1579இல் தேவா கோட்டைச் சிறையில் உயிர்நீத்தார். நம்பிக்கையின் ஒருமையோடு நில்லாது வணக்கத்தின் ஒருமைவரை அவர் சென்றார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவர் வழிவந்த சபைகள் இன்றைய ருமேனியாவில் அப்பகுதியில் நிலைத்துள்ளன. 'இறைவன் ஒருவனே' என்னும் பொருளுடைய ஹங்கேரிய வாசகம் அவர்தம் ஆலயங்களில் இன்றும் காணப்படுகிறது.

இங்கிலாந்தில் இக்கருத்துடையோர் நெடுங்காலம் சட்டத்திற்குப் புறம்பானவர்களாகவே வைக்கப்பட்டனர். 1682இல் மொராக்கோவின் தூதர் இலண்டன் வந்தபோது, யூனிட்டேரியன் கருத்துடையோர் சிலர் தங்களை ஏக இறைவனை வணங்குவோர் என அறிமுகப்படுத்திக்கொண்டு அவருக்கொரு கடிதம் அளிக்க முயன்றனர். அது சமயம் பற்றியது எனத் தெரிந்ததும் ஏற்கப்படவில்லை. அதே நூற்றாண்டில் ஹென்றி ஸ்டப் என்னும் ஆங்கில மருத்துவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிப் பரிவுடன் எழுதிய நூல், அச்சேறாமலே கையெழுத்துப் படியாக உலவியது. அதனை 1911இல் இலண்டனில் பதிப்பித்து வெளியிட்டவர் இந்தியாவைச் சேர்ந்த ஹாஃபிஸ் மஹ்மூத் கான் ஷீரானி.

1774இல் தியோஃபிலஸ் லிண்ட்சே இலண்டன் எசெக்ஸ் தெருவில் வெளிப்படையான முதல் யூனிட்டேரியன் ஆலயத்தைத் தொடங்கினார். வளிகளை ஆய்ந்த விஞ்ஞானி ஜோசஃப் பிரீஸ்ட்லி இவ்வியக்கத்தின் போதகரே. 1791இல் பர்மிங்காமில் அவரது வீடும் ஆய்வுக்கூடமும் கலகக் கும்பலால் அழிக்கப்பட, 1794இல் அவர் அமெரிக்கா சென்றார். திரித்துவத்தை மறுப்பது குற்றமன்று என்னும் சட்டம் பிரிட்டனில் 1813இல்தான் வந்தது.

நம் நாட்டிற்கும் இதில் பங்குண்டு. 1795இல் மதறாஸில் இக்கொள்கையுடைய சபையை நிறுவியவர் வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் பெயர் பூண்ட ஒரு தமிழர். ராஜாராம் மோகன்ராய், 'துஹ்ஃபதுல் முவஹ்ஹிதீன்' என்னும் நூலை அரபு முன்னுரையுடன் பார்சி மொழியில் எழுதியவர். 1821இல் கல்கத்தாவில் அமைந்த யூனிட்டேரியன் குழுவிலும் முன்னின்றார். 1887இல் ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் தொடங்கிய சபைகள் மேகாலயாவின் மலைகளில் இன்றும் உயிர்ப்புடன் விளங்குகின்றன.

கொள்கையிலிருந்து உடன்படிக்கைக்கு

அமெரிக்காவில் வில்லியம் எல்லரி சானிங் 1819இல் பால்டிமோரில் ஆற்றிய பிரசங்கம் இவ்வியக்கத்திற்கு வடிவம் தந்தது. இறைவன் ஒருவனே, ஈசா அவனால் அனுப்பப்பட்டவர், வேதத்தை அறிவைக்கொண்டு விளங்க வேண்டும் என்பன அவர்தம் கருத்துகள். 1825இல் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கம் பிறந்தது. இதுவரை வந்த வாசகர், இவர்கள் நமக்கு மிக அண்மையில் வந்துவிட்டனர் என எண்ணக்கூடும். ஆனால் வரலாறு அவ்விடத்தில் நிற்கவில்லை.

போதகராயிருந்த எமர்சன், திருவிருந்துச் சடங்கை நடத்த மனமொவ்வாது 1832இல் தம் ஆலயப் பொறுப்பிலிருந்து விலகினார். 1838இல் ஹார்வர்டு சமயக் கல்லூரியில் பேசுகையில், வேதத்தையும் அற்புதங்களையும்விட உள்ளுணர்வுக்கே முதன்மை தந்தார். அடுத்த நூற்றாண்டில் ஒரு சாரார் இறைநம்பிக்கையே இன்றியமையாததன்று என்னும் நிலைக்குச் சென்றனர். 1933இல் வெளிவந்த மனிதநேய அறிக்கையில் கையொப்பமிட்டோருள் பலர் யூனிட்டேரியன் போதகர்களே. 1961இல், எல்லா ஆன்மாக்களும் ஈடேற்றம் பெறும் எனப் போதித்த யூனிவர்சலிஸ்ட் பிரிவினருடன் இச்சங்கம் இணைந்தது. இன்று அவ்விணைந்த பேரவையில் சுமார் ஆயிரம் சபைகள் உள்ளன.

இச்சபைகளில் சேர்பவர் எந்தக் 'கலிமா'வையும் மொழிவதில்லை. ஏக இறைவனை நம்புவோர், ஈசாவைப் பின்பற்றுவோர், பௌத்த தியானம் பழகுவோர், இயற்கையை வணங்குவோர், இறைவனை மறுப்போர் ஆகிய அனைவரும் ஒரே இருக்கை வரிசையில் அமர்கின்றனர். அவர்களைப் பிணைப்பது கொள்கைப் பிரகடனமன்று. எவ்வாறு ஒருவரோடொருவர் நடந்துகொள்வோம் என்னும் உடன்படிக்கை. 1985இல் ஏழு நெறிகளை அவர்கள் வகுத்துக்கொண்டனர். 2024 ஜூன் மாதம் பேரவை வாக்கெடுப்பின் மூலம் அவற்றை மாற்றி, அன்பை நடுவில் வைத்து, நீதி, சமத்துவம், ஈகை, பன்மை, மாற்றம், ஒன்றையொன்று சார்ந்திருத்தல் ஆகியவற்றை விழுமியங்களாக ஏற்றது. வாக்கெடுப்பால் மாற்றத்தக்கதாகத் தம் அடிப்படை வாசகத்தை அவர்கள் வைத்திருப்பதே அவர்களுடைய போக்கை நமக்குத் தெளிவாக்கும்.

ஞாயிறு வழிபாடு

ஞாயிறு காலை இசையோடும் வரவேற்புரையோடும் வழிபாடு தொடங்குகிறது. அகன்ற கிண்ணமொன்றில் சுடர் ஏற்றப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, நாஜிகளிடமிருந்து தப்பியோர்க்கு லிஸ்பனிலிருந்து உதவிய யூனிட்டேரியன் தொண்டுக் குழுவுக்காக 1941இல் ஹான்ஸ் டாய்ச் என்னும் ஓவியர் வரைந்த முத்திரையே பின்னர் இச்சடங்காயிற்று. அகதிகளுக்கான ஆவணங்களில் இடப்பட்ட குறி வழிபாட்டின் மையமாக மாறியிருப்பது அவர்களுடைய மனப்பாங்கைக் காட்டுகிறது.

பின்னர் பாடல், அதன்பின் சிறுவர்களை முன்னே அழைத்து ஒரு கதை கூறப்படும். கதை முடிந்ததும் சிறுவர்கள் தம் வகுப்புகளுக்குச் செல்வர். அடுத்து வருவது 'மகிழ்வும் துயரும்' என்னும் பகுதி. பேரக்குழந்தை பிறந்தவர், மருத்துவமனையிலிருந்து மீண்டவர், வாழ்க்கைத் துணையை இழந்தவர் என ஒவ்வொருவராக முன்வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவர். சில சபைகளில் நீர்க் கலத்தில் ஒரு கூழாங்கல்லை இடுவர். பலர் வாய்திறந்து காரணம் சொல்வர். சிலர் ஒன்றும் சொல்லாது திரும்புவர். தொடர்ந்து மௌனமும், பிரார்த்தனையோ தியானமோ நிகழும். பிரார்த்தனை எவரை விளித்து அமையும் என்பது அன்று முன்னிற்பவரைப் பொறுத்தது.

வாசிப்புப் பகுதியில் பைபிளும் வரலாம், கவிதையும் வரலாம், கீழை வேதங்களும் வரலாம். காணிக்கை திரட்டப்படும், அதில் ஒரு பகுதியை வெளியிலுள்ள அறப்பணிகளுக்கு வழங்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. அடுத்துப் பிரசங்கம். இதற்கு வகுத்த உறுப்புகள் எவையும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆ குத்பாவுக்கு ஐந்து ருக்னுகள் உண்டு: அல்லாஹ்வைப் புகழ்தல், நபியவர்கள்மீது ஸலவாத்து, தக்வாவைக் கொண்டு வஸிய்யத்து, குர்ஆன் வசனம், முஃமின்களுக்கான துஆ. கதீபின் நாவன்மை எத்தகையதாயினும் இவ்வைந்தும் குத்பாவைக் காத்து நிற்கின்றன. யூனிட்டேரியன் மேடையிலோ போதகருக்கு எவரும் பொருள் விதிப்பதில்லை. கேட்போரும் அவர் சொல்லை ஏற்கக் கடமைப்பட்டவரல்லர். எனவே வழிபாட்டின் தரம் பெரும்பாலும் போதகரின் கல்வியையும் மனச்சான்றையும் நம்பியே அமைகிறது.

ஆண்டுச் சடங்குகளுள் இரண்டு குறிப்பிடற்குரியன. பிராகு நகரில் நார்பெர்ட் சாபெக் என்னும் போதகர் 1923இல் மலர் வழிபாட்டைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரு மலரைக் கொணர்ந்து பொதுக்கலத்தில் வைத்து, திரும்புகையில் வேறொருவர் கொணர்ந்த மலரை எடுத்துச் செல்வர். அவர் 1942இல் நாஜிகளால் கொல்லப்பட்டார். அவருடைய துணைவியார் வழியாக அச்சடங்கு அமெரிக்காவை அடைந்தது. 1980இல் மிச்சிகன் மாநிலத்தில் பெண்கள் கூட்டமொன்றில் தோன்றிய நீர்ச்சடங்கு மற்றொன்று. கோடை விடுமுறை கழிந்து திரும்புவோர் தாம் சென்றுவந்த இடத்து நீரைக் கொணர்ந்து ஒரே கலத்தில் ஊற்றுவர்.

கூடிவாழும் முறை

வழிபாடு முடிந்ததும் எவரும் விரைந்து கலைவதில்லை. பக்கத்துக் கூடத்தில் காபி அருந்தியவாறு உரையாடுகின்றனர். புதியவரிடம் பேசுவதற்கென்றே ஒருவர் பொறுப்பேற்றிருப்பார். உறுப்பினராக விரும்புவோர் சபைப் பதிவேட்டில் கையொப்பமிடுவர், ஞானஸ்நானம் கட்டாயமில்லை. பதின்பருவத்தினருக்கு ஓராண்டு வகுப்பு நடத்தி, 'என் நம்பிக்கை' என்னும் தலைப்பில் அவர்களையே எழுதச் செய்து, சபைமுன் படிக்க வைக்கின்றனர். அண்டையிலுள்ள பிற சமய ஆலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்கின்றனர்.

நிர்வாகம் முழுவதும் உறுப்பினர் கையில். நியூ இங்கிலாந்துத் தூய்மைவாதிகள் 1648இல் வகுத்த கேம்பிரிட்ஜ் ஒழுங்கின் வழிவந்த முறை இது. ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவு எல்லோர் முன்னும் வைக்கப்படுகிறது. போதகர் வேண்டுமெனில், உறுப்பினரால் தெரிவு செய்யப்பட்ட குழு பல மாதங்கள் தேடுகிறது. தெரிவானவர் ஒரு வாரம் சபையோடு தங்கி, இரு ஞாயிறுகளில் பிரசங்கிக்க, பின்னர் வாக்கெடுப்பு நடைபெறும். ஒலிம்பியா பிரவுன் 1863இல் யூனிவர்சலிஸ்ட் போதகராக அமர்த்தப்பட்டது முதல் பெண்கள் இப்பொறுப்பில் உள்ளனர்; இன்று போதகர்களுள் பெரும்பான்மையினர் அவர்களே.

ஒரு சபையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வாஷிங்டன் நகரிலுள்ள 'எல்லா ஆன்மாக்களின்' ஆலயம் 1821இல் நிறுவப்பட்டது. நிறுவியோருள் அடிமைமுறையை வெறுத்த ஜான் குவின்சி ஆடம்ஸும் இருந்தார். அதனைப் பிறர் எவரினும் உரக்க ஆதரித்த ஜான் கால்ஹூனும் இருந்தார். கொள்கையைக் கேளாமல் சேர்த்துக்கொள்வதன் இரு முகங்களும் அன்றே தெரிந்தன. இருபதாம் நூற்றாண்டில் அச்சபை தன் திசையைத் தெளிவாக்கிக்கொண்டது. 1946இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள் அணுகுண்டுப் புகைவடிவில் செய்த கேக்கை வெட்டி மகிழ்ந்த படம் செய்தித்தாளில் வந்தபோது, போதகர் பவல் டேவிஸ் அதனைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அதன் தொடர்ச்சியாகச் சபைச் சிறுவர்கள் எழுதுகோலும் வண்ணமும் காகிதமுமாக அரை டன் அளவுப் பொருள்களைத் திரட்டி ஹிரோஷிமா பள்ளிச் சிறுவர்க்கு அனுப்பினர். அழிந்த நகரத்துச் சிறுவர்கள் வரைந்தனுப்பிய வண்ணப் படங்கள் அச்சபையின் சொத்தாகப் பேணப்படுகின்றன. அங்குத் துணைப் போதகராயிருந்த ஜேம்ஸ் ரீப், 1965 மார்ச் மாதம் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக செல்மா நகர் சென்று, வெள்ளையரால் தாக்கப்பட்டு இறந்தார். 1969இல் அச்சபை டேவிட் ஈட்டன் என்னும் கறுப்பினத்தவரைத் தன் மூத்த போதகராக ஏற்றது.

குறைகளையும் கூறவேண்டும். இச்சபைகளில் பெரும்பாலானவை வெள்ளையரும் கல்வியாளரும் மிக்கவை. பணியமர்த்தலில் இனப்பாகுபாடு என்னும் விமர்சனம் எழுந்து, 2017இல் பேரவைத் தலைவர் பதவி விலகினார். 1984இல் ஒருபாலினத்தாரின் இணைவுச் சடங்குகளுக்குப் பேரவை இசைவளித்தது. இதில் ஷரீஅத்தின் நிலை வேறு என்பதை வாசகர் அறிவர். விவரிப்போன் மறைத்தல் கூடாது என்பதனால் இங்குக் கூறப்பட்டது.

விடுபட்ட ஓர் அடி

இச்சபைகளின் உள்ளத்தை அறிய ஒரு பாடல் துணைபுரிகிறது. 1993இல் வெளியான அவர்களுடைய பாமாலையில், மௌலானா ரூமி (ரஹ்) பெயரால் வழங்கும் பார்சி நாலடிப் பாடலொன்றின் தழுவல் உள்ளது. நீ யாராயினும் வருக என அழைக்கும் அப்பாடல், அவர்தம் கூட்டங்களில் மிகவும் விரும்பிப் பாடப்படுகிறது. மூலப் பாடலை ரூமிக்கு இரு நூற்றாண்டு முற்பட்ட அபூ ஸஈத் அபுல் கைர் (ரஹ்) அவர்களுக்கு உரியதாக ஆய்வாளர் பலர் கூறுகின்றனர்.

பார்சி மூலத்தில் அழைக்கும் சொல் வெறும் 'வா' அன்று. 'திரும்பி வா' என்பதே. நூறுமுறை தவ்பாவை முறித்திருந்தாலும் திரும்பி வரலாம் என்பது அதன் உயிர்நிலையான அடி. பாமாலைத் தழுவலில் அவ்வடி இடம்பெறவில்லை. அதன் இழப்பை உணர்ந்து சில சபைகள் தனியே சேர்த்துப் பாடுகின்றன. 'தவ்பா' என்னும் அரபுச் சொல்லுக்கும் திரும்புதல் என்பதே வேர்ப்பொருள். திரும்புதல் என்றால், எவனிடம் திரும்புதல் என்னும் வினா உடன் எழும். அவ்வினாவுக்குப் பொதுவிடை இல்லாத கூட்டத்தில் அவ்வடி விடுபட்டது வியப்பன்று. வாயிலை அகலத் திறந்தனர். வீட்டின் உரிமையாளன் யார் என்பதை அவரவர் முடிவுக்கு விட்டனர்.

நம் மாணவர்களின் வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஃபெரென்ஸ் டாவிட் சிறையில் வாடியது ஒருவனுக்கே வணக்கம் என்பதற்காக. அவர் பெயரைத் தாங்கும் மரபின் அமெரிக்கக் கிளையில், வணங்கப்படுபவன் உண்டா என்பதே அவரவர் விருப்பம். திரித்துவத்தை மறுப்பது தவ்ஹீதின் முழுமையன்று. 'லா இலாஹ' என்பதோடு 'இல்லல்லாஹ்' சேர்ந்தாலன்றிக் கலிமா நிறைவுறுவதில்லை.

நாம் கொள்ளத்தக்கது

எனினும் உடன்படிக்கை என்பது நமக்கு அயலானதன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதச் செய்த ஸஹீஃபா, முஸ்லிம்களையும் யூதர்களையும் ஒரே ஊரின் பொறுப்பில் பிணைத்தது. அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்றும் நிறுத்தியது. கொள்கை வேறுபாட்டை அழிக்காமலே உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்பது அதன் வழிகாட்டல். யூனிட்டேரியன் சபையினர் கொள்கை இருந்த இடத்திலேயே உடன்படிக்கையை அமர்த்தினர். அவர்களோடு நாம் வேறுபடும் இடம் அதுவே. அண்டை அயலாராக, அகதிக்கு உணவளிப்பதிலும் அநீதிக்கு எதிராக நிற்பதிலும் அவர்களோடு தோள்சேர்வதற்கு இவ்வேறுபாடு தடையன்று; வழிபாட்டில் பங்குகொள்வது வேறு.

இதன் மறுபக்கத்தையும் நாம் எண்ண வேண்டும். கொள்கை உறுதியாயிருப்பதால் உடன்படிக்கை தானே நிறைவேறிவிடும் என நாம் இருந்துவிடுகிறோமா? அல்மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடு தொடங்குகிறது. அதன் 8ஆம் வசனம், ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யலாகாது என்கிறது. நம் மஹல்லாக்கள் பலவற்றில் வக்ஃப் வரவுசெலவு ஜமாஅத்தார் அனைவர் முன்னும் வைக்கப்படுவதில்லை. இமாமை அமர்த்துவதும் நீக்குவதும் சிலர் கையில். பெண்களின் குறை கேட்க முறையான வழியில்லை. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர், கலிமா சொன்ன மறுவாரம் ஸஃப்பில் எவரோடும் பேச்சின்றி நின்று திரும்புகிறார். துயருற்றவர் தம் துயரைச் சொல்ல, தொழுகைக்குப்பின் கால் நாழிகை அமரும் வழக்கம் எத்தனை பள்ளிவாசல்களில் உண்டு?

இவற்றுள் எதையும் பிறரிடமிருந்து கடன்பெற வேண்டியதில்லை. மஸ்ஜிதுந் நபவீயில் வினாக்கள் கேட்கப்பட்டன. வறியோர் திண்ணையில் தங்கினர். ஒருநாள் காணாத தோழரைப் பற்றி மறுநாள் விசாரிக்கப்பட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் மக்கள் நேருக்குநேர் கணக்குக் கேட்டனர். வணங்கப்படுபவன் யார் என்பதில் ஐயமற்ற ஜமாஅத்து, தன்னுள் வாழ்வோரிடம் கொண்ட பொறுப்பிலும் ஐயமற்றதாக விளங்க வேண்டும். அடுத்த ஜமாஅத்துப் பொதுக்குழுவில் கணக்கேட்டை எல்லோர்க்கும் படித்துக் காட்டுவதிலிருந்து அதனைத் தொடங்கலாம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.